குதிரை தள்ளும், குழி பறிப்பவர் யார்?

விழாத் தலைவர் பேராசிரியர் அவர்களே, எங்களுக்கு இடம் தந்திருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் அவர்களே, ஆய்வுக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்ட என் பழைய மாணவர் இணை இயக்குநர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் 108 ஊர்தி ஓட்டுநர்களே (அவர்களை அங்கே அமர வைத்த விழாக் குழுவினருக்குத் தனி நன்றி), மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அவசர மருத்துவத்துக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைப் பார்த்துப் பலர் கேட்டார்கள். குதிரை வண்டி, குதிரையின் இரத்தம், குதிரையிலிருந்து விழுபவரின் தலைக்கவசம் என மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். அவசரப் பிரிவிலேயே காலம் கழித்த எனக்கு அந்தப் பழமொழியின்மேல் ஒரு வழக்கு உண்டு. குதிரை தள்ளுவதோடு நின்றுவிடுகிறது. குழியைப் பெரும்பாலும் நாம்தான் பறிக்கிறோம்.

முதலில் வண்டி. 1792ஆம் ஆண்டு ரைன் நதிப் பகுதியில் போரிட்ட பிரெஞ்சுப் படையில் தொமினிக் ழான் லாரே என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். மருத்துவ வண்டிகள் களத்துக்கு வெகுதொலைவு பின்னால் நிற்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் போர் ஓயும்வரை காயம்பட்டவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். குதிரைகள் பூட்டிய பீரங்கிகள் களத்தில் இடம்விட்டு இடம் பாய்வதைக் கண்ட லாரே, பீரங்கிக்கு வாய்த்த குதிரை காயம்பட்டவனுக்கு வாய்க்கலாகாதா என்று எண்ணி, இலகுவான குதிரை வண்டிகளை உருவாக்கினார். அவற்றுக்குப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர். பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே யாரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளை நாம் பிரிப்பதன் மூதாதை அது. சிபாரிசுத் தொலைபேசி வரும்போதெல்லாம் நான் லாரேயை நினைத்துக்கொள்வேன். ஆட்சியர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரத்தத்துக்குப் போகுமுன் ஒரு கதை. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கால்நடை மருத்துவம் படித்த நண்பர் ஒருவர் ஓர் இரவு என்னைக் குதிரை லாயத்துக்கு அழைத்துச் சென்றார். செந்நிறப் பெண்குதிரை ஒன்று வைக்கோலில் புரண்டுகொண்டிருந்தது. எழுந்தால் முன்னங்காலால் தரையைக் கீறும், கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கும். படித்த மிடுக்கில் நான் நேரே அதன் பின்புறம் போய் நின்றேன். லாயக்காரப் பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்; இழுத்த மறுநொடியே, என் காலடியில் இருந்த தகர வாளி உதைபட்டு நசுங்கிச் சுவரில் போய் மோதியது. "டாக்டர் தம்பி, பின்னாடி நிக்கிறது நீங்கன்னு அதுக்குத் தெரியாது. அது புலின்னு நெனச்சுக்கும்" என்றார். உண்மைதான், ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கக்கூடிய குதிரைக்கு நேர் பின்புறம் தெரியாது.

நண்பரோ தோள்பக்கமாக, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போய், கழுத்தில் கைவைத்து, இரண்டு நிமிடம் சும்மா நின்றார். நேரத்தை வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சல். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் மூச்சை எண்ணியிருந்தார், மூக்குத்துளை விரிவதையும் காது மடிவதையும் பார்த்திருந்தார், ஈறின் நிறத்தையும் குறித்துக்கொண்டார். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. இரைப்பை நிரம்பி அழுத்தம் ஏறினால் கிழிந்தே போகும். மூக்கு வழியாக நீண்ட குழாயை இறக்கினார்; என் காலுக்குப் பதிலாக நசுங்கிய அதே வாளியில் புளித்த பச்சைத் தண்ணீர் மடமடவென்று கொட்டியது. அரைமணியில் குதிரை உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு அமைதியாக நின்றது.

மூன்று வாரம் கழித்து, நான் பணியிலிருந்த மருத்துவமனைக்கு விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் உறவினர் கூச்சல். நான் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அமிலத்துக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். "சார், பையன் கண்ணைப் பாருங்க" என்றார் செவிலியர். இமைகள் பாதி தொங்கிக்கொண்டிருந்தன. இரவில் தரையில் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது; அதன் கடியில் பல நேரங்களில் வலி இராது, தடமும் தெரியாது. ஆனால் அதன் நஞ்சு தசைகளை முடக்கும்; முதலில் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். குதிரை விலாவைப் பார்த்ததைப் பார்த்த எனக்கு, பையனின் இமை தொங்கியது தெரியவில்லை. பாம்பு தள்ளியது, குழியை நான் பறிக்க இருந்தேன். மறுநாள் மாலைவரை மாறி மாறிக் கையால் பையை அழுத்தி அவனுக்கு மூச்சுக் கொடுத்தோம். பிழைத்தான்.

அவனுக்கு ஏற்றிய மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுசிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தால் அதுவே எதிர்நஞ்சு. அந்த நஞ்சின் பெரும்பகுதியை, மாமல்லபுரம் அருகே 1978இல் தொடங்கப்பட்ட, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். பாட்டியின் பழமொழி பலிக்கும் இடமும் ஒன்று உண்டு. அது குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தொடங்க வேண்டும்.

என் உண்மையான வேண்டுகோள் இதுதான். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக ஆய்வு கணித்திருக்கிறது. 2024இல் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது, அதாவது மருத்துவமனைகள் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்; வரவேற்கிறேன். ஆனால் இன்னமும் கயிற்றால் இறுகக் கட்டுகிறார்கள், பிளேடால் கீறுகிறார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். இவை எல்லாமே குழிகள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108க்கு அழைத்தால் போதும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவிலும் மருத்துவர், எதிர்நஞ்சு, அட்ரினலின் மூன்றும் இருக்க வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திடாமல் சிற்றுண்டிக்குப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட், அரிசோனா பல்கலைக்கழகங்களில் மருத்துவ மாணவர்களைக் குதிரைகளிடம் அனுப்பிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நம் பயிற்சி மருத்துவர்களுக்கும் இக்கல்லூரி லாயத்தில் ஒரே ஒரு நாள் இடம் தர வேண்டும் என்று முதல்வர் அவர்களை மேடையிலிருந்தே கேட்கிறேன். அவர் தலையசைத்ததை ஆட்சியர் அவர்களும் பார்த்தார்கள். மணி அடித்துவிட்டது, தலைக்கவசம் அடுத்த ஆண்டுக்கு. மாணவர்களே, லாயத்துக்குப் போகும்போது தோள்பக்கமாகப் போங்கள். வணக்கம்.