வால்பாறையில் ஏன் ஆள் குறைந்தது?

நேயர்களுக்கு வணக்கம். ஊர்கள் பெருகுவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். நான் இன்று பேச வந்திருப்பது சுருங்கிப்போன ஓர் ஊரைப் பற்றி. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறோமே, கோவை மாவட்டத்துத் தேயிலை எஸ்டேட்டுகள் சூழ்ந்த அந்த வால்பாறை.

2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியில் சுமார் 95 ஆயிரம் பேர். 2011இல் 71 ஆயிரத்துக்குப் பக்கம். பத்து வருடத்தில் நாலில் ஒருவர் போய்விட்டார். அதே பத்து வருடத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது.

தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1990களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. எஸ்டேட்டுகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரி வைத்து வெட்டும் முறை பரவியது, ஒருவரே முன்னைவிட அதிகம் எடுக்க முடிந்தது. அந்த நேரத்தில்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோவை மில்களும் ஆள் தேடிக்கொண்டிருந்தன. இளவட்டங்கள் மலையிறங்கினார்கள்.

எல்லோரும் சொல்கிற காரணம் இது, உண்மையும்தான். ஆனால் எனக்கு இது போதவில்லை. கூலி குறைந்த ஊர்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ உண்டு. அங்கேயும் பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள். அப்பா அம்மா ஊரிலேயே இருக்கிறார்கள், பொங்கலுக்கு வந்து இறங்க ஒரு வீடு இருக்கிறது. வால்பாறைத் தொழிலாளிக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டியது. 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு தரும் பொறுப்பை நிர்வாகத்திடம் வைத்தது. நல்ல சட்டம். ஆனால் வேலையில் இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு. ஓய்வு பெற்றதும், மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பேர் பதியாவிட்டால், பாடியை, அதாவது அந்த எஸ்டேட் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும்.

காலி செய்து எங்கே போவது? சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு, காடு இல்லாத இடம் எஸ்டேட். டவுனுக்குள் விலைக்கு வரும் மனை மிகக் கொஞ்சம். அதன் விலை கூலிக்காரர் கைக்கு எட்டாது. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்த குடும்பங்களின் நாலாம் தலைமுறை இது. சொந்த ஊர் என்று திரும்பிப் போக அவர்களுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

வருமானக் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. அட்டைக்கடியிலும் மழையிலும் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவருக்கு மொத்தமாகக் கைக்கு வருவது பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் மட்டுமே. பொள்ளாச்சிப் பக்கமோ கோவைப் பக்கமோ ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் இடம் வாங்குவதில் அந்தப் பணம் கரைந்துவிடுகிறது. வால்பாறையில் சம்பாதித்தது வால்பாறைக் கடைத்தெருவில் சுற்றுவதே இல்லை. கூலியை மட்டும் ஏற்றினால் ஊர் நிமிர்ந்துவிடும் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கூலி ஏறத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஏறிய கூலி இந்த ஊரில் சொத்தாக மாற வழியில்லையே என்பதுதான் என் கவலை.

காலியான எஸ்டேட் லைன் வீடுகளில் இப்போது அசாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள். மிச்சம் பிடிக்கிற காசு அவர்கள் ஊருக்குப் போகிறது. போகட்டும், அது அவர்கள் உழைப்பு. ஆனால் ஆபத்தும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. 2025இல் சிறுத்தை தூக்கிப்போன பிள்ளைகள் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்.

சுற்றுலா வந்திருக்கிறது, லாட்ஜும் ஹோட்டலும் வைத்திருப்பவர்களுக்குச் சனி ஞாயிறு வியாபாரம். அது கொழுந்துக்காரர் வருமானம் ஆகாது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. அடுத்த எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வீடு கட்ட உதவும் அரசுத் திட்டம் எதுவானாலும் முதலில் கேட்பது பட்டா. அதனால் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு வால்பாறையிலேயே இரண்டு சென்ட் மனைப் பட்டா வேண்டும். கூலி ஒப்பந்தம் பேச உட்காரும்போது சங்கங்களும் நிர்வாகங்களும் அரசும் இதையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும். காட்டைத் தொட வேண்டாம், எஸ்டேட் நிலத்திலேயே ஓரிடம் ஒதுக்கலாம். வணக்கம்.