கொக்கோ தீவுக்குப் போகுமுன் பஞ்சாங்கம் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. மொரிஷியஸைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவுக்குப் போகிறவர்கள் பலரும் ஒரு நாளை அதன் அருகிலுள்ள பறவைத் தீவான கொக்கோ தீவுக்கு ஒதுக்குகிறார்கள். எந்த நாள் என்பதைத்தான் யோசிப்பதில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று பாருங்கள். நல்ல நேரம் பார்ப்பதற்காக அல்ல, கடலுக்காக!

ரொட்ரிக்ஸின் நிலப்பரப்பு 108 சதுர கிலோமீட்டர். பவளப்பாறைக்கு உட்பட்ட கடற்பகுதியான லகூனோ ஏறத்தாழ அதில் இரண்டு மடங்கு; ஆனால் ஆழமே கிடையாது. கொக்கோ தீவுக்குப் படகு இதன் வழியேதான் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறி, மிகவும் தாழ்ந்து வற்றும். வற்றிய நேரத்தில் படகின் மோட்டார் தரை தட்டும். படகுக்காரர் அதைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளுவார். கடல் ஏற்றமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. நேற்றுப் போனவர் சொன்ன நேரம் இன்றைக்கு உதவாது. முதல் நாள் மாலையே படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். காற்று பலமானால் பயணமே தள்ளிப்போகும், ஆகவே ஊர் திரும்புவதற்கு முந்தின நாளில் இதை வைக்காதீர்கள். தீவில் இறங்க அனுமதி வேண்டும். பெரும்பாலும் படகுக்காரரே வாங்கித் தருவார், கட்டணத்தில் அதுவும் சேர்ந்ததா என்று பேசும்போதே கேளுங்கள்.

தீவில் பறவைகள்தான் வீட்டுக்காரர்கள். வெள்ளை ஆலா என்ற கடற்பறவை கூடு கட்டாது, வெறும் கிளைமேல் ஒரே ஒரு முட்டையிடும். துண்டு காயப்போடக் கிளையை வளைத்தால் முட்டை உருண்டு விழும். இவை மனிதரைக் கண்டு அஞ்சாததால் படமெடுக்க நெருங்கத் தோன்றும். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் வேகும். வேலியிட்ட பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. தொப்பி வெயிலுக்கு மட்டுமல்ல, தலைக்கு மேல் பறப்பவை தரும் பரிசுக்கும் தேவை.

ரப்பர் செருப்பைவிட மூடிய பழைய காலணி நல்லது, உடைந்த பவளம் காலைக் கிழிக்கும். குடிநீரை நீங்களே கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பைகள் ரொட்ரிக்ஸில் 2014 முதலே தடை, துணிப்பை போதும்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஊரித் (ஆக்டோபஸ்) பிடிக்கத் தடை உண்டு. அப்போது புதிதாகப் பிடித்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தைப்பூசக் காவடி விடுமுறையோடு சேர்த்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், ஆனால் அது புயல் பருவம். விமானம் ரத்தாகலாம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள், திரும்பிய மறுநாளே வேலைக்குப் போக வேண்டிய நிலையில் புறப்படாதீர்கள்.