பள்ளியை விட்டுவிட்டு ஈ-ஸ்போர்ட்ஸா? கூடாது!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"படிப்பை விட்டுவிட்டு ஈ-ஸ்போர்ட்ஸில் இறங்கலாமா, கூடாதா?" என்பது தலைப்பு. ஈ-ஸ்போர்ட்ஸ் என்றால் கணினி, கைப்பேசி ஆட்டங்களைப் போட்டியாக, தொழிலாக ஆடுவது. கூடாது என்று பேச வந்திருக்கிறேன். விளையாடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் அணியின் மூன்றாவது பேச்சாளரே எழுந்து போய்விடுவார். மனிதர் கைப்பேசியை இன்னும் கீழே வைக்கவில்லை.

எதிரணித் தலைவர் ஃபேக்கரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சரி, நிறுத்தட்டும். ஃபேக்கர் என்பது ஆட்டப் பெயர்; தென்கொரியாவின் லீ சாங்-ஹியோக், உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவர். 2013இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கணினி ஆட்டத்தைத் தொழில்முறையில் ஆட வந்தார், அதே ஆண்டு உலகப் பட்டம் வென்றார். இன்றைக்கு அவரிடம் ஆறு பட்டங்கள். அடுத்துப் பேசியவர் புகாவைச் சொன்னார். 2019 ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையில் தனிநபர் பிரிவில் வென்று, 16 வயதில் 30 லட்சம் டாலர் வாங்கிய பையன். அத்தனையும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் முதல் பரிசு விழுந்தவரிடம் மட்டும் போய் லாட்டரி வாங்கலாமா என்று கேட்டால், அவர் வேறென்ன சொல்வார்? அந்த இறுதிச்சுற்றில் ஆடியவர்கள் 100 பேர். மற்ற 99 பேரில் மூன்று பெயரை எதிரணி சொல்லட்டும், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன். அந்த 99 பேருக்கும் குறைந்தது 50,000 டாலர் கிடைத்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் தகுதிச்சுற்றில் மோதியவர்கள் 4 கோடிக்கு மேல் என்று ஆட்டத்தை நடத்திய எபிக் நிறுவனமே சொன்னது. அவர்களில் எத்தனை பேர் புத்தகத்தை மூடிவிட்டு வந்தார்களோ!

சரி, தோற்பவர் எல்லாத் துறையிலும் உண்டு என்பீர்கள். அதனால்தான் வென்றவரைப் பற்றிப் பேச வருகிறேன். கால்பந்து யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. ஒரு சங்கம் கலைந்தால் இன்னொரு சங்கம் வரும், பந்தும் கோல் கம்பமும் அங்கேயே இருக்கும். ஈ-ஸ்போர்ட்ஸில் ஆட்டத்துக்கே ஒரு முதலாளி இருக்கிறார். அவர் மனம் மாறினால், நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் தொழில் முடிந்தது.

2018 டிசம்பரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிளிஸார்ட் என்ற நிறுவனத்தின் ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் ஆட்டத்துக்கு ஓர் உலக லீக் இருந்தது. சம்பள வீரர்கள், கோச், வர்ணனையாளர்கள் என்று ஒரு கூட்டமே அதை நம்பிப் பிழைத்தது. அடுத்த சீசனுக்கு அணிகள் தயாராகிக்கொண்டிருந்த நேரம். நிறுவனம் தன் இணையதளத்தில் ஓர் அறிவிப்பு போட்டது: 2019இல் லீக் கிடையாது. பல வீரர்களுக்கு அதைப் படித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. ஆட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, வேலை போய்விட்டது! உலகத்தரமான அந்தத் திறமையை எடுத்துக்கொண்டு வேறு எந்தக் கதவைத் தட்டுவது? அதே பிளிஸார்டின் ஓவர்வாட்ச் லீக் 2018இல் ஆரவாரமாகத் தொடங்கியது, 2023இல் மூடுவிழா கண்டது. விலகிய அணிகளுக்குத் தலா 60 லட்சம் டாலர் என்று ஏற்பாடு. கவனியுங்கள், அணிகளுக்கு.

மூடாத ஆட்டத்திலும் நிம்மதி இல்லை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச், அதாவது ஆட்டத்தையே மாற்றும் திருத்தம், வரும். ஒரு பையன் ஒரே கதாபாத்திரத்தை மாதக்கணக்கில் ஆடி, எந்த நொடியில் பாய்ந்தால் எதிரி விழுவான் என்பதை விரலுக்குப் பழக்கி வைத்திருப்பான். பேட்ச் வந்த அன்று அடியின் பலம் கொஞ்சம் குறையும், திறனை மறுபடி பயன்படுத்த இரண்டு நொடி கூடும். அவ்வளவுதான், அவன் கணக்கு மொத்தமும் தப்பு. மறுபடி ஸ்க்ரிம் என்னும் பயிற்சி ஆட்டம், மறுபடி வீடியோ பார்த்து அலசல், அப்புறம் நள்ளிரவு தாண்டியும் தரவரிசையில் ஏற ரேங்க் ஆட்டம்.

உடம்பு சும்மா விடுமா? சீனாவின் ஊஸி, உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர். 2020 ஜூனில் ஓய்வை அறிவித்தபோது வயது 23. கண்விழிப்பு, கண்டபடி சாப்பாடு, மன அழுத்தம், முடிவில் டைப் 2 சர்க்கரை நோய். கை வேறு கெட்டிருந்தது. பிறகு திரும்பி வந்து ஆடிப் பார்த்தார், பழைய உயரம் கிடைக்கவில்லை.

2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். பார்த்ததும் செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே மெல்ல இறங்குகிறது என்று கண்டார்கள். மூத்தவர்கள் வேறு உத்தியால் ஈடுகட்டுவதையும் சொன்னார்கள். உடனே எதிரணி, "ஃபேக்கர் 29 வயதில் ஆறாவது பட்டம் வென்றாரே!" என்று கிளம்பும். பார்த்தீர்களா நடுவர் அவர்களே, எங்கே சுற்றினாலும் அந்த ஒரே மனிதரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்குப் பின் கோச் ஆகலாம் என்றார் எதிரணித் தோழி. அம்மா, அணிக்கு ஆடுபவர் ஐந்து பேர், தலைமைக் கோச் ஒருவர். மீதி நான்கு பேரை என்ன செய்யலாம்?

எதிரணி சொன்னதில் ஒன்று வலுவானது: போட்டியாளன் நாள் முழுக்கப் பயிற்சி செய்யும்போது, பள்ளிக்குப் போகிறவன் எப்படி ஜெயிப்பான்? நியாயமான கேள்வி. சம்பளத்தோடு ஒப்பந்தம் வந்து, அதைப் பெற்றோரும் ஒரு வழக்கறிஞரும் படித்த பிறகு நேரத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். தேர்வை ஓராண்டு தள்ளி, தனித்தேர்வராகவாவது எழுதட்டும். ஒப்பந்தமே இல்லாமல், தரவரிசையில் நாலு படி ஏறியதும் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகிறானே, அவனைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தருவீர்கள் என்று நம்பி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.