ஜாதிக்காயிலிருந்து டிரைமிரிஸ்டின்: நம்ம ஊர் வெயில்ல எப்படி எடுக்கிறது

வணக்கம். என்எம்ஆர் மாதிரி பெரிய கருவி இல்லாத சின்னக் கல்லூரியில ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு இந்த வீடியோ. டிரைமிரிஸ்டின்ங்கிறது ஜாதிக்காய்க் கொட்டையில இருக்கிற ஒரு கொழுப்பு. ஜாதிக்காயும், உருகுநிலை பார்க்கிற கருவியும் இருந்தா ஒரு முழு ஆய்வையே மாணவர் கையில கொடுத்துடலாம்.

முதல்ல காய். பினாங்கு கடையில ஜாதிக்காய் கேட்டா சீனியில ஊறின சதையைக் கொடுப்பாங்க. அது வேணாம். உள்ளே இருக்கிற கொட்டைதான் வேணும். ஜாதிபத்திரி, ஓடு ரெண்டையும் எடுத்துட்டுப் பருப்பை மட்டும் துருவுங்க. மிக்ஸியில ரொம்ப நேரம் ஓட்டினா எண்ணெய் விட்டுக் கட்டிக்கும்.

10 கிராம் தூளுக்கு 30 மி.லி. ஈத்தர், அரை மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவியைக் கண்டென்சர்ல குளிர வைச்சுத் திரும்பக் குடுவையிலயே விழ வைச்சுக் கொதிக்க விடுறது. இங்கதான் தொல்லை. ஈத்தர் 34.6 டிகிரியில கொதிக்கும். நம்ம குழாய்த் தண்ணி அதுக்குக் கிட்டத்தட்ட வந்துடும், அதனால கண்டென்சர்ல ஆவி சரியா குளிராது, மேல் வழியா ஓடிடும். ஒரு வாளி ஐஸ் தண்ணியில மீன் தொட்டி பம்ப்பைப் போட்டுச் சுத்த விடுங்க. சூடாக்க வெந்நீர்த் தொட்டி மட்டும். ஈத்தர் ஆவி காத்தைவிடக் கனம், மேசை மேலயே தவழ்ந்து போய்த் தூரத்து நெருப்பையும் பிடிச்சிடும்.

வடிகட்டி, புகைக்கூண்டுக்குள்ள ஈத்தரை ஆவியாக்கினா மஞ்சள் கொழுப்பு நிக்கும். அதைச் சூடான அசிட்டோன்ல கரைச்சுப் படிகமாக்கணும். கிராமுக்கு 7, 8 மி.லி. போதும். அசிட்டோன் கொதிநிலையும் 56, டிரைமிரிஸ்டின் உருகுநிலையும் 56 பக்கம். கரைப்பான் குறைஞ்சா படிகத்துக்குப் பதிலா எண்ணெய்த் துளியா பிரிஞ்சு அடியில நிக்கும், அழுக்கையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். அப்போ இன்னும் 2 மி.லி. ஊத்திச் சூடாக்கி, மெதுவா ஆற விட்டு, பிறகுதான் ஐஸ்ல வைங்க. குளிர்ந்த புனல்ல நம்ம ஈரக்காத்து வேர்த்துப் படியும். அந்த ஈரத்தோட உருகுநிலை பார்த்தா எண் குறைவாத்தான் காட்டும். டெசிகேட்டர்ல, அதாவது ஈரம் உறிஞ்சுற பொருள் போட்ட மூடின பாத்திரத்துல, ஒரு ராத்திரி விடுங்க.

அடுத்து நீராற்பகுப்பு, அதாவது கொழுப்பைக் காரத்தால உடைச்சுச் சோப்பாக்கி, அப்புறம் அமிலமாக்குறது. 1 கிராம் டிரைமிரிஸ்டின், 0.5 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 20 மி.லி. எத்தனால், ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ். 100 மி.லி. தண்ணியில ஊத்தி, நீல லிட்மஸ் நல்லாச் சிவக்கிற வரைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் போதலைன்னா சோப்பு கலந்தே நிக்கும். வெள்ளையா வர்றது மிரிஸ்டிக் அமிலம், அதிகபட்சம் 0.95 கிராம் கிடைக்கும்.

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அமிலம் 54-ல உருகும், டிரைமிரிஸ்டின் 56-ல. "வினையே நடக்கல சார்"னு பசங்க சொல்வாங்க. ரெண்டையும் சரிபாதி கலந்து, நிமிஷத்துக்கு 1 டிகிரி ஏத்திப் பார்க்கச் சொல்லுங்க. கலவை இன்னும் கீழயே, இழுத்து இழுத்து உருகும். ஒரே பொருளா இருந்தா அப்படி இறங்கவே இறங்காது.

அசிட்டோன் வடிநீரைக் கொட்டிடாதீங்க. ஜாதிக்காயோட வாசனை எண்ணெயில இருக்கிற மிரிஸ்டிசின் அதுலதான் தங்கும். வேற வேற தோட்டத்துக் கொட்டைகளோட வடிநீரை டிஎல்சி (மெல்லடுக்கு வண்ணப்பிரிகை) தகட்டுல பக்கத்துப் பக்கத்துல ஓட்டிப் பார்த்தா, இறுதியாண்டு புராஜெக்டுக்கு அதுவே போதும்.