அஞ்சு லட்சம் கார்டு இருந்தும் கைக்காசு ஏன் கரையுது?

அடுத்த கேள்வி. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்க வீட்டுக்காரர் இட்லி வியாபாரம் பண்றாரு. பத்து வருஷமா சுகர், பிபி. அஞ்சு லட்ச ரூபாய் கார்டு இருக்கு. ஆனா மாத்திரை, டெஸ்ட் எல்லாத்துக்கும் கைக்காசுதான் போகுது. அப்ப அந்தக் கார்டு எதுக்கு? வசதியானவங்களுக்கு மட்டும் சுகர் கட்டுக்குள்ள இருக்கே, எப்படி?"

அம்மா, கார்டு நிஜமாவே உதவுற கார்டுதான். ஆனா அது படுக்கைக்குக் குடுக்கிற காசு. மகாராஷ்டிரா அரசோட மகாத்மா புலே ஜன் ஆரோக்கிய யோஜனான்னாலும் சரி, மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்னாலும் சரி, அட்மிட் ஆனாத்தான் வேலை செய்யும். ஆயுஷ்மான்ல அட்மிஷனுக்கு முந்தின 3 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள், அந்தச் செலவும் சேரும். மத்தபடி உங்க வீட்டுக்காரர் தினமும் போடுற மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை, பிபி மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கவேண்டிய ஹெச்பிஏ1சிங்கற மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், எதுவுமே அதுல வராது.

இதோட விளைவைப் பாருங்க. மாத்திரை விட்டுவிட்டுப் போட்டா வருஷங்கள் போகப் போக கிட்னி போகலாம். கிட்னி போனா டயாலிசிஸ் திட்டத்துல இலவசம். அந்தக் கிட்னியைக் காப்பாத்துற மாத்திரைக்குத் திட்டத்துல இடமில்லை. ஏற்றத்தாழ்வு பெருகுறது இந்த இடத்துலதான். வசதியானவர் வருஷா வருஷம் செக்கப் பண்ணி, சிறுநீர்ல புரதம் போக ஆரம்பிச்ச உடனே பிடிச்சிடறாரு. கூலி வேலை பாக்குறவருக்குக் கால் வீங்கின பிறகுதான் தெரியுது.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது பொய். நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல மக்கள் கையிலிருந்து போனது 2013-14ல 64.2 சதவீதம், 2021-22ல 39.4. நல்ல இறக்கம். ஆனா நாட்டு வருமானத்துல 2.5 சதவீதத்தை 2025க்குள்ள அரசு மருத்துவத்துக்குச் செலவழிக்கணும்னு 2017ல கொள்கை போட்டாங்க. 2021-22ல வந்து நின்னது 1.84. இந்த மாதிரி குறைவா இருக்கிற காசு பெரிய ஆபரேஷன் பக்கம் சாய்ஞ்சா, தெருமுனை டிஸ்பென்சரி மெலிஞ்சு போகும். மத்திய அரசோட நகர்ப்புற சுகாதாரத் திட்டத்துல 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னு கணக்கு. தாராவி நெருக்கத்துல 50,000 பேர்னா எவ்வளவு நீளக் க்யூன்னு உங்களுக்கே தெரியும்.

நேரம்னு ஒரு செலவும் இருக்கு, அதை யாரும் எழுதி வைக்கிறதில்ல. இட்லி வியாபாரி விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வித்து முடிச்சு வீடு திரும்பும்போது பெரிய ஆஸ்பத்திரியில ஓபி சீட்டு முடிஞ்சிருக்கும். டாக்டரைப் பாக்கணும்னா ஒரு நாள் வியாபாரம் போச்சு. அதனால முதல்ல சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. மாநகராட்சியோட இலவச சின்ன கிளினிக்கான ஆப்ளா தவாக்கானா 2022ல ஆரம்பிச்சது, பல இடத்துல ராத்திரி 10 மணி வரைக்கும் இருக்கும். சுகர், பிபி மாத்திரை அங்கேயே இலவசம். நாலு நாளைக்குக் குடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க, "மாசத்துக்கு எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. பல பேர் மருந்தை விடறதே இந்த அலைச்சலாலதான். ஸ்டாக் இல்லைன்னா கம்பெனி பேர் வேண்டாம், மருந்துப் பேரை எழுதித் தரச் சொல்லி, மலிவு விலை மருந்து விக்கிற அரசுத் திட்டக் கடையான ஜன் ஔஷதியில வாங்குங்க.

வீட்டுல ஒரு சோதனை. நடக்கும்போது செருப்பு கழண்டது தெரியாம அவர் நாலடி போறாரா? அப்ப பாதத்துல உணர்ச்சி குறையுதுன்னு அர்த்தம். தினமும் ராத்திரி உள்ளங்காலை, விரல் இடுக்கை நீங்களே பாருங்க. சூடு, கொப்புளம், வெடிப்பு இருந்தா அடுத்த நாளே காட்டுங்க. நாள் கடந்தா விரலையே எடுக்கவேண்டி வரலாம்.

சரி, கார்டு தேவைப்படுற நாள் வந்தா என்ன பண்றது? நம்ம தமிழ்க் குடும்பங்கள் அதிகமா மாட்டிக்கிறது பேருல. ஆதார்ல "எம். முருகன்"னு இருக்கும், மகாராஷ்டிரா ரேஷன் கார்டுல முருகன், அப்பா பேர், ஜாதிப் பேர்னு மூணு சொல்லா இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா திட்டத்தோட அனுமதி இழுக்கும். கல்யாணமாகி வந்த பொண்ணோட பேர் திருநெல்வேலி கார்டுலயே கிடக்கும். ஊர்ல பெயர் நீக்கல் சான்று வாங்கிட்டு வந்து இங்க சேருங்க. நோய் வர்றதுக்கு முன்னாடி முடிக்கவேண்டிய வேலை இது.

ஆஸ்பத்திரிக்குள்ள போனதும் பில்லிங் கவுன்ட்டருக்குப் போகாம, திட்டத்துக்காக அங்க இருக்கிற உதவியாளரான ஆரோக்கிய மித்ராவைத் தேடுங்க. ரேஷன் கார்டு, ஆதார், ரிப்போர்ட் மூணையும் அவர்கிட்ட குடுத்தா ஆன்லைன்ல முன் அனுமதி போடுவாரு. முதல்லயே பணம் கட்டிச் சேர்ந்துட்டா, பிறகு திட்டத்துக்கு மாத்துறது பெரும்பாடு. சந்தேகம்னா திட்டத்தோட உதவி எண் 155388க்குப் போன் பண்ணுங்க.

கார்டு செல்லாத ஆஸ்பத்திரின்னா இன்னொரு வழி இருக்கு. பலருக்குத் தெரியாது. மும்பையில பல பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் அறக்கட்டளையாப் பதிவானவை. மகாராஷ்டிராவோட 1950 அறக்கட்டளைச் சட்டம் 41ஏஏ பிரிவு, 2006ல பாம்பே ஹைகோர்ட் வகுத்த திட்டம், ரெண்டுப்படியும் 10 சதவீதப் படுக்கை ஏழைகளுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் பாதிக் கட்டணம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1.8 லட்சம் வரைக்கும் இலவசம், 3.6 லட்சம் வரைக்கும் பாதி. தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வருமான தாக்லா, அதாவது வருமானச் சான்று, கையில இருக்கணும். ரிசப்ஷன்ல "இல்லை"ன்னு சொன்னாலும் நகராதீங்க, மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரைப் பாக்கணும்னு சொல்லுங்க. உயிருக்கு ஆபத்துன்னா தாக்லா வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, டெபாசிட் கேக்காம சேத்துக்கணும்ங்கறதும் அதே திட்டத்துல இருக்கு. காலாவதியான தாக்லாவை ஏத்துக்க மாட்டாங்க, அதனால அந்த வேலையை இந்த வாரமே பாத்து வைங்கம்மா.