முயலு விக்கிறவங்க க்ளப்பு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரிசைக்கு கேக்குதா? சரி.

2003 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியா ஹைகோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு (பேருதான் ஹைகோர்ட், அந்த நாட்டுக்கு அதுதான் உச்ச நீதிமன்றம்). சவுத் சிட்னி ராபிட்டோஸ்னு ஒரு ரக்பி லீக் க்ளப்ப போட்டிய விட்டு வெளிய தள்ளினது சட்டப்படி தப்பில்லன்னு. அதாவது க்ளப் கேஸ்ல தோத்துடுச்சு. ஆனா தீர்ப்பு வந்த நேரத்துல க்ளப் வெளியவே இல்ல, உள்ள வந்து ரெண்டாவது சீசன் ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கப்புறமும் யாரும் அத கிளம்புன்னு சொல்லல. இது எப்படிங்க நடந்துச்சு, அதத்தான் இன்னிக்கி பேசப்போறேன்.

மொதல்ல இந்த ஆட்டமே ஏன் வந்துச்சுன்னு பாத்துருவோம். ரக்பில ரெண்டு வகை, ரக்பி யூனியன்ல 15 பேரு, லீக்ல 13 பேரு. யூனியன்ல ஆடுறவன் காசு வாங்கக்கூடாதுன்னு அப்ப ரூல். வசதி இருக்கறவனுக்கு அது பெருமை, ஆனா ஃபேக்டரி வேலைக்கு போறவன் சனிக்கிழமை கைய ஒடைச்சிக்கிட்டான்னா திங்கக்கிழமை கூலி யாரு தருவா? இங்கிலாந்துல வடக்குப் பக்கம் இதே சண்டையில 1895லயே பிரிஞ்சு போயிட்டாங்க. சிட்னில 1907ல அலெக்ஸ் பர்டன்னு ஒரு பிளேயருக்கு அடிபட்டுச்சு, நஷ்ட ஈடு கிடைக்கல, அந்தக் கோவத்துல தனி லீக் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு யாருன்னா, கிரிக்கெட் பாக்குறவங்க நிமிந்து உக்காருங்க, பேட்ஸ்மேன் விக்டர் ட்ரம்பர்!

1908 ஜனவரி 17, ரெட்ஃபெர்ன் டவுன் ஹால்ல சவுத் சிட்னி க்ளப் பொறந்துச்சு. ரெட்ஃபெர்ன்னா உழைக்கிற ஜனங்க நெருக்கியடிச்சு இருந்த ஏரியா, பின்னாடி சிட்னில ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களோட முக்கியமான இடமாவும் ஆச்சு. ராபிட்டோஸ் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, தெருத்தெருவா முயல் கறி விக்கிறவன் "ராபிட்-ஓ"ன்னு கூவுவானாம், அந்த வேலை பாத்தவங்க சிலபேரு டீம்ல இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. வேற கதையும் உண்டு, எனக்கு இதுதான் புடிச்சிருக்கு.

மொத வருஷமே கப்பு. 1909ல இன்னொரு கப்பு, ஆனா அது கொஞ்சம் கேவலமான கப்பு. ஃபைனல கொண்டுபோய் வேற ஒரு காட்சி மேட்ச்சுக்கு முன்னாடி ஆட்டமா வச்சுட்டாங்க, பால்மெய்ன் டீம் ஆடமாட்டோம்னு நின்னுட்டாங்க. சவுத்ஸ் ஆளுங்க மட்டும் கிரவுண்டுக்கு வந்து பந்த ஒதைச்சு ஜெயிச்சதா கணக்கு காட்டிட்டாங்க. ரெண்டு டீமும் சேந்து வரக்கூடாதுன்னுதான பேசுனோம்னு பால்மெய்ன் காரங்க பல தலைமுறை திட்டிக்கிட்டு இருந்தாங்க, அதுல தப்பு சொல்ல முடியல.

1925லேருந்து 1932 வரைக்கும் 8 வருஷத்துல 7 கப்பு. 50கள்ல அஞ்சு. 1970 ஃபைனல்ல மேன்லி டீம் கூட ஆடுறப்ப ஆரம்ப நிமிஷங்கள்லயே கேப்டன் ஜான் சாட்லருக்கு தாடை எலும்பு ஒடைஞ்சுருச்சு, மனுஷன் வெளிய போகவே இல்ல. கீழ விழுந்தா எதிராளிக்கு தெரிஞ்சிரும்னு கூட ஆடுறவங்க மேல சாஞ்சு நின்னு முழு மேட்ச்சும் ஆடி, 23-12ன்னு ஜெயிச்சு, மேடையில பேசிட்டுதான் ஆஸ்பத்திரிக்கு போனாரு. 1971லயும் கப்பு, மொத்தம் 20. அப்புறம் கையில காசு இல்ல, பெரிய பிளேயர எல்லாம் மத்த க்ளப்புங்க தூக்கிட்டுப் போயிருச்சு.

90கள்ல, ஆட்டத்த டிவில யாரு காட்டுறதுன்னு பெரிய மீடியா முதலாளிங்களுக்குள்ள சண்டை வந்துச்சு. ரூபர்ட் மர்டோக்கோட நியூஸ் லிமிடெட் ஒரு பக்கம், கெர்ரி பாக்கர் இன்னொரு பக்கம், 1997ல ரெண்டு தனித்தனி போட்டியே நடந்துச்சு. அப்புறம் சமாதானம் ஆனாங்க, ஆனா 2000த்துல 14 டீம்தான்னு கணக்கு போட்டாங்க. பழைய க்ளப்புங்க பயந்துபோய் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிச்சு, அந்த பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸோட சேந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆச்சு. சவுத்ஸ் யாரோடயும் சேரமாட்டேன்னு சொல்லிருச்சு. 1999 அக்டோபர்ல கழட்டி விட்டாங்க.

சேர்மன் ஜார்ஜ் பிக்கின்ஸ், பழைய பிளேயர், கோர்ட்டுக்கு போனாரு. 2000 நவம்பர்ல ஃபெடரல் கோர்ட்ல தோல்வி. அந்த மாசமே சிட்னி தெருவுல சுமார் 80,000 பேரு க்ளப்போட செவப்பு-பச்ச கலர்ல நடந்தாங்க, யோசிச்சுப் பாருங்க, அந்த சீசன் முழுக்க லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடாத டீமுக்கு! 2001 ஜூலைல அப்பீல்ல மூணு ஜட்ஜுல ரெண்டு பேரு சவுத்ஸ் பக்கம் சொன்னாங்க, லீக்கும் 2002க்கு சேத்துக்கிச்சு. நியூஸ் லிமிடெட் விடாம ஹைகோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க, அதுதான் நான் ஆரம்பத்துல சொன்ன தீர்ப்பு. பேப்பர்ல ஜெயிச்சாங்க. அந்தக் கூட்டத்த பாத்தப்புறம் மறுபடி வெளிய போன்னு சொல்ற தைரியம் யாருக்கு வரும்? இது என் கணிப்பு, தீர்ப்புல இதெல்லாம் எழுதியிருக்காது.

திரும்பி வந்து ஜெயிச்சாங்களான்னா இல்ல. 2003, 2004, 2006 மூணு வருஷமும் கடைசி இடம். 2006ல நடிகர் ரஸ்ஸல் க்ரோவும் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்னு ஒரு தொழிலதிபரும் 30 லட்சம் டாலருக்கு 75 சதவீதம் வாங்குறோம்னு வந்தாங்க. க்ளப் மெம்பருங்களோடதுதான், விக்கக்கூடாதுன்னு பிக்கின்ஸ் எதிர்த்தாரு. தெருவுல எறங்கி காப்பாத்துனத ரெண்டு பேருக்கு வித்துர்றதான்னு. ஓட்டு வச்சாங்க, பாஸாக 75 சதவீதம் வேணும், கிடைச்சது 75.8. காப்பாத்துன கூட்டமேதான் வித்துச்சு, எனக்கு இன்னிக்கும் பிக்கின்ஸ் சொன்னதுலயும் நியாயம் இருக்குன்னுதான் தோணுது.

2014 அக்டோபர் 5, 43 வருஷம் கழிச்சு ஃபைனல், எதிர்ல கேன்டர்பரி புல்டாக்ஸ். சவுத்ஸோட சாம் பர்கஸ் மொத மோதல்லயே கன்னத்து எலும்ப ஒடைச்சிக்கிட்டு, சாட்லர் மாதிரியே, கடைசி வரைக்கும் ஆடுனாரு. 30-6. 21வது கப்பு. ஆட்ட நாயகன் மெடலும் அவருக்குத்தான், அந்த மெடலுக்குப் பேரே பழைய சவுத்ஸ் பிளேயர் க்ளைவ் சர்ச்சில் பேருதான். கப்ப குடுத்துட்டு பர்கஸ் எங்க போனாரு தெரியுமா? ரக்பி யூனியனுக்கு, இங்கிலாந்துல பாத் டீம்ல சேர. இப்ப அங்கயும் காசு குடுக்குறாங்கல்ல. சரிப்பட்டு வரல போல, 2016 சீசனுக்கு சவுத்ஸுக்கே திரும்பி வந்துட்டாரு.