திரையில் ரோமியோ ஜூலியட். வீட்டில் மறைத்து வைத்த ஐந்து பிள்ளைகள்!

வணக்கம் மக்களே! "இன்னும் கல்யாணம் ஆகாத அழகன்" என்று நம்பி அமெரிக்கப் பெண்கள் உருகிய ஒரு ஹீரோ. ஆனால் அவருக்கு மனைவி உண்டு, ஐந்து பிள்ளைகள் உண்டு. விஷயம் வெளியே வந்ததும், மௌனப் படக் காலத்தின் முதல் பெரிய காதல் ஜோடி அப்படியே சரிந்தது. ஃபிரான்சிஸ் எக்ஸ். புஷ்மன், பெவர்லி பெய்ன்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் எஸ்ஸனே என்றொரு ஸ்டுடியோ. 1915இல் சாப்ளின் வேலை பார்த்த அதே கம்பெனி. புஷ்மன் அங்கே 1911இல் சேர்ந்தார், பெய்ன் 1912இல். 1914இல் ஒரு பெண்கள் பத்திரிகை, "இந்தக் கதைக்கு யார் ஹீரோ?" என்று வாசகர்களிடம் ஓட்டு கேட்டது. ஜெயித்தது புஷ்மன். அந்தப் படத்தின் கதாநாயகி யார்? பெய்னேதான்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

(திரையில்: இரண்டு சுவரொட்டிகள், பக்கத்தில் பக்கத்தில்)

1916. ஷேக்ஸ்பியர் இறந்து 300 ஆண்டுகள். மெட்ரோ கம்பெனி இந்த ஜோடியை வைத்து 'ரோமியோ ஜூலியட்' எடுக்கிறது, எட்டு ரீல் நீளத்துக்கு. போட்டி ஸ்டுடியோவின் முதலாளி வில்லியம் ஃபாக்ஸ் சும்மா இருப்பாரா? அவரும் அதே கதையை எடுத்தார். அவருடைய ஜூலியட் யார் தெரியுமா? ஆண்களைக் கெடுக்கும் மோகினி வேடங்களுக்கே பேர்போன தீடா பாரா! இரண்டு படமும் அதே அக்டோபரில் ரிலீஸ். ஒரே மாதத்தில் இரண்டு ஜூலியட்! வில்லியாகவே பார்த்துப் பழகிய முகம் பால்கனியில் நின்று காதலுக்காக ஏங்கினால் ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் முடியாது. இரண்டுமே தொலைந்துபோன படங்கள். புகைப்படங்களை வைத்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் 1918. விவாகரத்து வழக்கில் புஷ்மனின் குடும்பம் ஊருக்கே தெரிந்துவிட்டது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பெய்னைக் கல்யாணம் செய்துகொண்டார். திரையில் பார்த்த காதல் நிஜமாகிவிட்டது, ரசிகர்கள் கொண்டாடியிருக்க வேண்டும் இல்லையா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம். என்னைக் கேட்டால், கோபம் வரவேண்டியது இன்னொருவருக்காக. ஐந்து பிள்ளைகளைப் பெற்ற ஒரு பெண்ணை, புருஷனின் மார்க்கெட்டுக்காக, இல்லவே இல்லை என்பதுபோல் மறைத்துவைத்தார்களே, அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்தக் கல்யாணமும் 1920களின் நடுவில் முறிந்தது. பெய்ன் நாடக மேடைக்குப் போனார். புஷ்மனை நீங்கள் இன்றும் பார்க்கலாம்: 1925இல் வந்த 'பென் ஹர்' படத்தில் தேர் ஓட்டும் வில்லன் மெசாலா அவர்தான். அந்தத் தேர்ப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து எந்த ஜோடியைப் பற்றிப் பேசலாம் என்று கமென்டில் சொல்லுங்கள்.